கூகைக்கும் ஒரு குடில்

க. செ.
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

"உழவனின் நண்பன் யார்?" என்று கேட்டால் தொடக்கப் பள்ளிக் குழந்தையும் "மண்புழு" என்று தயங்காமல் விடை சொல்லும். "இன்னொரு நண்பனைச் சொல்" என்று கேட்டால் பட்டம் பெற்றவரும் சற்று விழிப்பார். பகலெல்லாம் இருண்ட பொந்தில் ஒடுங்கிக் கிடந்து, ஊர் உறங்கிய பிறகு வெளியே வந்து, உழவன் விளைத்ததையும் வணிகன் அடுக்கி வைத்ததையும் தின்று தீர்க்கும் எலிகளை வேட்டையாடும் பறவை ஒன்று உண்டு. கூலி கேளாமல் உழைக்கும் அந்த நண்பனுக்கு நாம் கொடுத்த பட்டம் 'சாவுக்குருவி'!

கூகை, கோட்டான், ஆந்தை என்று பல பெயர்களால் வழங்கப்படும் இந்த இரவுப் பறவைகளுக்கு நம் புறநகரில் இன்று இரைக்குப் பஞ்சமில்லை. இருக்க இடம்தான் இல்லை. அந்த இடத்தை ஒரு மரப்பெட்டியின் வடிவில் நாம் திருப்பிக் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன்பாக, எலிக்கு வைக்கும் நஞ்சைக் கைவிட வேண்டும். இவ்விரண்டையும் வலியுறுத்துவதே என் நோக்கம்.

எலியின் ஆட்சி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய மூன்றும் ஒரு காலத்தில் ஏரியும் வயலும் பனையும் சூழ்ந்த ஊர்கள். 1960களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2019இல் ஆவடி தானே ஒரு மாநகராட்சி ஆனது. தொழில் வளர்ந்தது, மக்கள் பெருகினர், எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சோறு கிடைத்தது. இவற்றையெல்லாம் நான் குறை கூறவில்லை. ஆனால் மக்களோடு குப்பையும் பெருகியது. குப்பையோடு எலியும் பெருகியது.

எலிக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கின்றன. ஆவடியில் இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு இருக்கிறது. செங்குன்றத்தில் அரிசி ஆலைகளும் மண்டிகளும் வரிசையாக நிற்கின்றன. திருநின்றவூருக்கு அப்பால் எஞ்சியிருக்கும் வயல்களில் வரப்பெலி வளை தோண்டி, கதிரைக் கத்தரித்து உள்ளே இழுத்துச் சேமிக்கிறது. அந்த வளைகளைத் தோண்டி எலியையும் நெல்லையும் எடுக்கும் இருளர் மக்களின் திறமையைத் திருவள்ளூர் மாவட்டத்தார் நன்கு அறிவர். நகரத்துக்குள்ளோ மூடாத சாக்கடையும் தெருமுனைக் குப்பைத் தொட்டியும் பெருச்சாளிகளின் அரண்மனைகள்.

எலியின் பெருக்கம் வியப்புக்குரியது. அதன் கருக்காலம் ஏறத்தாழ மூன்றே வாரம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் மூன்று மாதத்துக்குள் தாமே குட்டி ஈனும் நிலையை அடைந்துவிடும். எலியால் வரும் கேடு தானியத்தோடு முடிவதில்லை. எலியின் சிறுநீரிலுள்ள கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலில் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகிறது. மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நடந்து கல்லூரிக்கு வரும் நமக்கு இது பாடப் புத்தகச் செய்தி மட்டும் அன்று.

நஞ்சு யாரைக் கொல்கிறது?

எலித் தொல்லை என்றதும் நாம் ஓடுவது மருந்துக் கடைக்கு. 'எலி மருந்து' என்று அன்போடு அழைக்கிறோம். மருந்து நோயைத் தீர்ப்பது. இது உயிரைத் தீர்ப்பது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையால் நேர்ந்த மனிதச் சாவுகளைக் கண்டே 2022இல் தமிழக அரசு அதன் விற்பனையைத் தடுக்கும் நடவடிக்கையில் இறங்கியது. அதன் பிறகும் துயரம் ஓயவில்லை. 2024 நவம்பரில், பூந்தமல்லியை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டுக்குள் வைத்த நஞ்சின் நெடி பரவி இரண்டு குழந்தைகள் உயிரிழந்த செய்தியை நாம் அனைவரும் கண்ணீரோடு படித்தோம். எலியைக் கொல்ல வைத்தது எதைக் கொன்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நாம் அறியாத இன்னொரு சாவும் உண்டு. இக்காலத்தில் மிகுதியாகப் புழங்கும் எலிக் கட்டிகள் பல, இரத்தம் உறையாமல் செய்து கொல்லும் வகையைச் சேர்ந்தவை. 'புரோமடையலோன்' அவற்றுள் ஒன்று. இதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரிந்த பின்னரே சாகும். தள்ளாடும் எலியைப் பிடிப்பது கூகைக்கு எளிது. எலியின் உடலிலிருக்கும் நஞ்சு கூகையின் உடலுக்குப் போகிறது. கூகை ஊட்டும் குஞ்சுக்கும் போகிறது. எலிகள் விரைவில் பெருகி இழந்த எண்ணிக்கையை ஈடு செய்துவிடும். கூகையால் அவ்வளவு விரைவில் பெருக முடியாது. ஆக, நாம் வைக்கும் நஞ்சு நாளடைவில் எலிக்கே துணை செய்கிறது.

இரவுக் காவலன்

கூகையின் முகம் இதய வடிவில் வெண்மையாக இருக்கும். அந்த முகம் ஒலியைத் திரட்டிச் செவிக்கு அனுப்பும் தட்டுப் போன்றது. அதன் இரு செவித் துளைகளும் ஒரே மட்டத்தில் அமைந்தவை அல்ல; ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் இருக்கின்றன. அதனால் ஒலி வரும் திசையை மட்டுமன்றி அதன் உயரத்தையும் துல்லியமாக அறிந்துகொள்கிறது. பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகறியச் செய்த ரோஜர் பெய்ன் என்னும் அமெரிக்க அறிஞர், ஒளியே புகாத அறையில் கூகையை விட்டு ஆராய்ந்தார். இருட்டில், சருகின் சலசலப்பை மட்டுமே கேட்டு, கூகை எலியைப் பிடித்துவிட்டது. 1971இல் வெளியான அவர் ஆய்வுக் கட்டுரை இத்துறையில் இன்றும் மதிக்கப்படுகிறது. கூகையின் சிறகு விளிம்பிலுள்ள சீப்புப் போன்ற நுண்ணிழைகள் காற்றின் ஓசையை அடக்கிவிடுவதால், எலிக்கு அது வருவதே தெரியாது.

வளர்ந்த கூகை ஓர் இரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னும். குஞ்சு இருக்கும் காலத்தில் இன்னும் பல எலிகளைக் கொண்டுவரும். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளை ஒழிக்கும் எனக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்பது விலங்கியல் மாணவனுக்குச் சுவையான செய்தி. கூகை எலியை முழுதாக விழுங்குகிறது. செரிக்காத மயிரும் எலும்பும் இரைப்பையில் உருண்டையாகத் திரண்டு வாய் வழியே வெளியே கக்கப்படுகின்றன. பொந்தின் கீழே கிடக்கும் அந்த உருண்டையைப் பொறுக்கி, நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடும் தாடையும் பல்லும் முழுமையாகக் கிடைக்கும். எத்தனை எலி, எந்த வகை எலி என்று எண்ணிச் சொல்லிவிடலாம். மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி விலங்கியல் ஆய்வாளர்கள் 1990களில் காவிரிப் படுகையில் இத்தகைய ஆய்வுகளைச் செய்தனர். கூகையின் இரையில் பெரும்பங்கு எலியினமே என்பதை அவை காட்டின. அந்த ஆய்வு நடந்தது நம்முடையதைப் போன்ற ஒரு கல்லூரியில் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பொந்து போன கதை

இத்தனை திறமையுள்ள பறவைக்குக் கூடு கட்டத் தெரியாது! காக்கையும் தூக்கணாங்குருவியும் கற்ற கலை அதற்கு வாய்க்கவில்லை. மரப் பொந்து, பாழடைந்த கட்டிடம், கோயில் கோபுரத்தின் இடுக்கு, கிணற்றுச் சுவரின் குழி என்று ஏற்கெனவே இருக்கும் இருளிடத்தில்தான் அது முட்டையிடும்.

நம் முன்னோர் இதைக் கூர்ந்து கண்டிருக்கின்றனர். நற்றிணையின் 83ஆம் பாடலில் தலைவியின் தோழி, ஊர் முகப்பிலுள்ள நீர்த்துறையருகே முதுமரத்தில் வாழும் கூகையைப் பார்த்துப் பேசுகிறாள். இரவில் தலைவன் வரும்போது குரலெழுப்பி அச்சுறுத்தாதிருந்தால், நெய்ச் சோற்றோடு சுட்ட எலிக்கறியும் நிறையத் தருவதாக ஆசை காட்டுகிறாள். கூகை முதுமரத்தில் வாழும், எலியை விரும்பி உண்ணும் என்னும் இரண்டு உண்மைகளும் அந்தத் தோழிக்குத் தெரிந்திருக்கின்றன. திருவள்ளுவரோ 'காலமறிதல்' அதிகாரத்தின் முதற் குறளிலேயே, பகலில் காக்கை கூகையை வென்றுவிடும் என்பதை உவமையாக்கினார். பகலில் வெளியே தெரிந்தால் காக்கைகள் கூடிக் கொத்தி விரட்டும். ஆகவே கூகைக்கு இருண்ட பொந்து என்பது உயிர் காக்கும் அரண்.

அந்த அரண்களைத்தான் நாம் ஒவ்வொன்றாக இடித்துவிட்டோம். சாலை அகன்றபோது புளியமரங்கள் போயின. மனைப் பிரிவு போட்டபோது மொட்டைப் பனைகள் போயின. ஓட்டு வீடுகள் அடுக்கு மாடிகள் ஆயின. கிணறுகள் தூர்ந்தன. கோபுர இடுக்குகளைப் புறா வராமல் கம்பி வலை அடித்து மூடினோம். கூகை எங்கே போகும்? ஒரு மரக்கன்று நட்டால் அதில் பொந்து விழ ஐம்பது அறுபது ஆண்டுகள் ஆகும். மரம் நடுவோம், அது பெரிதாகும் வரை மரத்தின் வேலையைச் செய்ய ஒரு பெட்டியாவது வைப்போம் என்கிறேன்.

பிறர் செய்து கண்டவை

இது புதுமையான கற்பனை அன்று. 1983இல் இஸ்ரேல் நாட்டின் பெத் சேயான் பள்ளத்தாக்கிலுள்ள சதே எலியாகு என்னும் கூட்டுப் பண்ணையில், யோசி லெஷெம் முதலிய பறவையியலாளர்கள் வயல்களில் கூகைக்குப் பெட்டிகள் வைத்தனர். சில பெட்டிகளோடு தொடங்கிய முயற்சி இன்று ஆயிரக்கணக்கான பெட்டிகளாக வளர்ந்திருக்கிறது. 2002இல் அண்டை நாடான ஜோர்தானும் சேர்ந்துகொண்டது. அங்கும் கூகையைக் கெட்ட சகுனம் என்று வெறுத்தவர்கள் இருந்தார்கள். வயலில் எலி குறைவதைக் கண்ணால் கண்ட பிறகே அவர்கள் மனம் மாறியது.

மலேசியாவில் நம் தமிழ்ச் சகோதரர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த செம்பனைத் தோட்டங்களில், பழத்தைக் கடிக்கும் எலிகளுக்காகக் கம்பத்தின் மேல் கூகைப் பெட்டிகள் வைக்கும் வழக்கம் 1980களிலிருந்து பரவியது. நம் நாட்டிலேயே, 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில், லட்சத்தீவின் கவரத்தித் தீவில் தென்னையைக் கெடுக்கும் எலிகளை அடக்க, கூகைகளைக் கடல் கடந்து கொண்டுபோகும் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே பறவையையே கொண்டுபோக வேண்டியிருந்தது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. கூகை இங்கேயே பிறந்து வளர்ந்த பறவை. வீடு கொடுத்தால் தானே வரும்.

பெட்டி எப்படி இருக்க வேண்டும்?

கூகைப் பெட்டி செய்வதற்குத் தச்சுக் கலையில் தேர்ச்சி வேண்டியதில்லை. நீளம் இரண்டு அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி இருந்தால் போதும். ஒரு பக்கத்தில் ஆறு அங்குலச் சதுர வாசல் வேண்டும். வாசல் தரை மட்டத்தில் இருந்தால் குஞ்சு உருண்டு கீழே விழும். ஆகையால் மேற்பகுதியில் அமைய வேண்டும். அடிப்பலகையில் நீர் வடியச் சில துளைகளும், ஆண்டுக்கொரு முறை துப்புரவு செய்யப் பின்புறம் ஒரு கதவும் வேண்டும். மேற்பலகை சரிவாக இருந்தால் மழை நீர் தங்காது. இயந்திரங்கள் வந்திறங்கும் பலகைப் பெட்டிகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பழைய விலைக்குக் கிடைக்கும். அந்தப் பலகையே போதும்.

பெட்டியைப் பன்னிரண்டு பதினைந்து அடி உயரத்தில், பூனை ஏற முடியாத இடத்தில், விளக்கு வெளிச்சம் நேரே படாதவாறு பொருத்த வேண்டும். மேற்கு வெயிலும் மழைச் சாரலும் வாசலில் அடிக்கக் கூடாது. உயர் மின்கம்பிக்கும் பெருஞ்சாலைக்கும் அருகே வைத்தால் நாமே அதற்குக் குழி வெட்டியதாகும். சிறிய புள்ளி ஆந்தைக்கு இதில் பாதி அளவும் சிறு வாசலும் உள்ள பெட்டி போதும். அது பூச்சிகளையும் சுண்டெலிகளையும் தின்று நமக்கு உதவும்.

ஒன்றை மறவாதீர். கூகையைப் பிடித்துக் கொண்டுவந்து பெட்டிக்குள் விடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். தீபாவளியை ஒட்டிப் பூசைக்கும் மாந்திரீகத்துக்குமாக ஆந்தைகளைத் திருட்டுத்தனமாக விற்கும் கொடுமையை 'டிராஃபிக்' அமைப்பின் 2010ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. திருமகளின் ஊர்தி என்று வணங்குவோர் உள்ள நாட்டில், அந்தத் திருமகளின் பெயராலேயே அதன் தலை அறுபடுவது எத்தகைய முரண்!

மறுப்புகளுக்கு விடை

முதல் மறுப்பு எங்கள் வீட்டிலேயே எழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கூகைப் பெட்டி பற்றிச் சொன்னதும் என் ஆயா, "ஏன்டா, காலேஜுக்குப் போயி சாவுக்குருவிக்கு ஊடு கட்டத்தான் கத்துக்கினியா?" என்று கேட்டார். "ஆயா, அது எலிக்குத்தான் சாவுக்குருவி, நமக்கில்ல" என்றேன். பதில் சொல்லவில்லை, சிரித்தார். களத்து மேட்டில் கூலி நெல்லைக் காவல் காத்தவர் அவர். எலியின் கொடுமை என்னைவிட அவருக்கு நன்கு தெரியும். படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று ஏளனம் செய்வதால் பயனில்லை. நோயாளி இருக்கும் வீட்டில்தான் இரவெல்லாம் விளக்கு எரியும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிப் புள்ளி ஆந்தை வரும். ஆந்தை வந்ததால் சாவு வரவில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னால் கேட்காத பெரியவர் இல்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நமக்கு இது ஒரு கடமையும் ஆகும். நாம் சொன்னால் நம் வீட்டார் கேட்பார்கள். மேடையில் அறிஞர் சொல்வது நம் தெருவுக்கு வந்து சேராது.

இரண்டாவது மறுப்பு: "இரவில் அலறும், நாற்றம் வீசும்." உண்மைதான். கூகையின் குரல் குயிலின் குரல் அன்று. ஆகவேதான் படுக்கையறைச் சன்னலோரம் வைக்கச் சொல்லவில்லை. கிடங்குச் சுவரிலும், தொழிற்சாலைப் பின்புற மரத்திலும், ஏரிக்கரையிலும், கல்லூரித் தோட்டத்திலும் வைக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது மறுப்பே வலிமையானது: "ஒரு பெட்டி வைத்தால் எலி ஒழிந்துவிடுமா?" ஒழியாது. நன்கு வளர்ந்த பெருச்சாளியைக் கூகையால் தூக்க முடியாது. தெருவெல்லாம் சோற்றுக் குப்பை கொட்டிக் கிடந்தால் நூறு கூகைகள் வந்தாலும் போதாது. குப்பையை மூடுவது, கிடங்கின் ஓட்டையை அடைப்பது, பொறி வைப்பது ஆகியவற்றோடு கூகையும் சேர்ந்தால்தான் எலி அடங்கும். கூகையை மந்திரக்கோல் என்று எண்ணுவதும் அதைச் சாவுக்குருவி என்பது போன்ற ஒரு மூடநம்பிக்கையே. ஆனால் நஞ்சு ஒவ்வொரு மாதமும் காசு கேட்கிறது, சில வேளை உயிரும் கேட்கிறது. பெட்டிக்கு ஒரு முறை செலவழித்தால் பல ஆண்டுகள் பயன் தரும்.

நாம் செய்யத் தக்கது

மாணவத் தோழர்களே! பேராசிரியப் பெருமக்களே! நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். பின்புறத் தோட்டத்தில் வெளிச்சம் குறைந்த மூலையில் இரண்டு பெட்டிகள் வைப்போம். வனத்துறையினரிடம் முன்கூட்டியே சொல்லி அறிவுரை பெறுவோம். பெட்டி வைக்கும் நாளிலிருந்து விடுதிச் சமையற்கூடத்திலும் பண்டக அறையிலும் எலி நஞ்சை நிறுத்திவிட்டுப் பொறிகளுக்கு மாறுவோம். நஞ்சை நிறுத்தாமல் பெட்டி வைப்பது விருந்துக்கு அழைத்து விஷம் பரிமாறுவதற்கு ஒப்பாகும்.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பெட்டி செய்யட்டும். விலங்கியல் மாணவர்கள் வாரந்தோறும் கீழே கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கிப் பிரித்து எண்ணட்டும். புள்ளியியல் படிப்போர் கணக்கிடட்டும். தமிழ்த் துறையினர் அக்கம் பக்கத்துத் தெருக்களில் சொல்லட்டும். இங்கே பயன் தெரிந்தால், பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கும் ஆவடிக் கிடங்குகளுக்கும் தொழிற்பேட்டை நிறுவனங்களுக்கும் நம் கணக்கேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசலாம்.

முதல் ஆண்டிலேயே கூகை வந்துவிடும் என்று உறுதி கூற முடியாது. மைனா குடியேறலாம், அணில் நுழையலாம், பெட்டி காலியாகவே கிடக்கலாம். அதனால் சோர்ந்துவிடக் கூடாது. ஒரு பருவத்தேர்வு காலத்துக்குள் விளைவை எதிர்பார்ப்பது நம் பழக்கம். கூகைக்கு அந்த அவசரம் கிடையாது.

நான் அடுத்த ஆண்டு இக்கல்லூரியை விட்டு வெளியேறுவேன். எனக்குப் பின் வரும் தம்பி தங்கையர் யாரேனும், பெட்டியில் கூகை வந்ததா, எத்தனை உருண்டை கிடைத்தது, எத்தனை எலி மண்டை எண்ணினோம் என்ற கணக்கை இந்த ஆண்டு மலரில் எழுத வேண்டும். வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்பதையும் எழுத வேண்டும். அதற்கு முதலில் பெட்டியைச் செய்து மாட்டியாக வேண்டும். அந்த வேலைக்கு என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.